பெயர் எங்களுடையது, சாவி யாருடையது?

எமது கிராமங்களில் பெண்களின் பெயரில் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எழுதிப் பார்த்தால் அது சிறியதாக இருக்காது. சீதனமாக வந்த காணி, வெளிநாட்டிலிருந்து கணவன் அனுப்பும் பணம் வந்து சேரும் வங்கிக் கணக்கு, குழுவாகச் சேர்ந்து எடுத்த நுண்கடன், 2023ஆம் ஆண்டு தொடங்கிய அஸ்வெசும கொடுப்பனவு, கைத்தொலைபேசியின் சிம் அட்டை என்று அது நீண்டு செல்லும்.

ஆனால் பெயர் ஒருவருடையதாகவும் அதிகாரம் இன்னொருவருடையதாகவும் இருப்பது எமக்குப் புதிய விடயமல்ல. தேசவழமைச் சட்டத்தின் கீழ் வருகின்ற திருமணமான பெண், தன் பெயரிலுள்ள காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. நுண்கடனுக்குக் கையெழுத்து வைப்பவள் மனைவி. அந்தப் பணம் எதற்குச் செலவாக வேண்டும் என்று தீர்மானிப்பவர் பல வீடுகளில் கணவன். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் கடன் அறவிடுபவருக்குப் பதில் சொல்பவள் மீண்டும் மனைவி.

இந்தப் பட்டியலில் அண்மைக் காலமாக இன்னொன்றும் சேர்ந்திருப்பதை எனது வேலையின்போது காணக்கூடியதாக இருக்கின்றது. அதுதான் கிரிப்டோ கணக்கு. இதைக் கேட்டதும், "இது கொழும்பில் கணினிப் படிப்புப் படித்தவர்களின் விடயம், எமக்கு எதற்கு?" என்று சில சகோதரிகள் பக்கத்தைப் புரட்டக்கூடும். தயவுசெய்து புரட்ட வேண்டாம். வவுனியா மாவட்டத்தின் ஒரு கிராமத்தில், வீட்டில் கோழி வளர்த்துக் குடும்பம் நடத்தும் ஒரு தாய்க்கு நடந்ததைத்தான் இங்கு எழுதுகின்றேன். அவரை எவரும் அடையாளம் காணாதிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கின்றேன்.

கிரிப்டோ நாணயம் என்பது எந்த அரசாங்கமும் எந்த மத்திய வங்கியும் அச்சிடாத, கணினி வலையமைப்பில் மட்டும் இருக்கின்ற பணமாகும். 2009ஆம் ஆண்டு பிட்கொயின் என்ற பெயரில் இது தொடங்கியது. பின்னர் இதைப்போன்று ஆயிரக்கணக்கானவை தோன்றின. அமெரிக்க டொலரின் பெறுமதியோடு பிணைக்கப்பட்டவையும் அவற்றில் உண்டு. இவற்றை வாங்குவதற்கும் விற்பதற்கும் வைத்திருப்பதற்கும் உள்ள இணையச் சந்தைகளை எக்ஸ்சேஞ்ச் என்கின்றார்கள். அங்கே கணக்குத் திறக்க அடையாள அட்டையின் படமும், தொலைபேசிக்கு முன்னால் தலையை இடமும் வலமும் திருப்பிக் காட்டுகின்ற முகப்படமும் கேட்கப்படும்.

நான் அறிந்த அந்தத் தாயின் மகனுக்கு வயது 17. சாதாரண தரம் முடித்துவிட்டு, கைத்தொலைபேசியிலேயே வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கும் வேலையைத் தானாகவே பழகிக்கொண்டவன். வெளிநாட்டிலுள்ள சிலர் அவனிடம் வேலை வாங்கி, கூலியை டொலர் கிரிப்டோவாக அனுப்பினார்கள். 18 வயது நிரம்பாதவர் எக்ஸ்சேஞ்சில் கணக்குத் திறக்க முடியாது. ஆகவே அவன் அம்மாவின் அடையாள அட்டையைப் படம் பிடித்தான். அம்மாவை முற்றத்து வெளிச்சத்தில் இருத்தித் தலையைத் திருப்பச் சொன்னான். அம்மாவின் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்தான். மின்னஞ்சல் மாத்திரம் அவனுடையது. ஒன்றரை வருடத்தில் அந்தக் கணக்கில் ஏறத்தாழ 1,700 டொலர் சேர்ந்தது. எமது காசில் 5 இலட்சம் ரூபா அளவு. கூரைத் தகரம் மாற்றுவதற்கும், அவன் கொழும்பில் ஒரு கற்கைநெறி படிப்பதற்குமான பணம் அது.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், மகன் ரியூசனுக்குப் போயிருந்த நேரத்தில் அந்தத் தாயின் தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. வழக்கமாக எக்ஸ்சேஞ்சிலிருந்து செய்திகள் வந்து விழும் அதே வரிசையில், அதே பெயரின் கீழ்தான் வந்தது. சிறிது நேரத்தில் வட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு. பேசியவர் தமிழில் பேசினார். "படத்தில கதைக்கிற தமிழ் மாதிரி" என்று பின்னர் அவர் எனக்குச் சொன்னார். அவருடைய முழுப்பெயரைச் சொல்லி, "உங்கள் கணக்கை யாரோ திறக்கப் பார்க்கிறார்கள், உடனே தடுக்க வேண்டும், இப்போது உங்களுக்கு ஆறு இலக்கம் ஒன்று வரும், அதைச் சொல்லுங்கள்" என்றார் அழைத்தவர். வந்தது. சொன்னார். இன்னொன்றும் வந்தது. அதையும் சொன்னார். "நன்றி அம்மா, இனிப் பயமில்லை" என்று அழைப்பு நின்றது. மகன் இரவு வந்து பார்த்தபோது கணக்கில் ஒன்றுமே இருக்கவில்லை.

அதன் பின் அந்த வீட்டில் நடந்தவை, பணம் போனதைவிட எனக்கு அதிக வேதனை தந்தன. கட்டாரிலிருந்து கணவன் அழைத்து, "படிக்காததுகளிட்ட போனைக் குடுத்தால் இதுதான்" என்று திட்டினார். மாமியார் அயலுக்கெல்லாம் சொன்னார். மகன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. தாய் எவருடனும் பேசாமல் படுத்துவிட்டார். எங்கள் மாதர் குழுவின் தலைவி தகவல் தந்து நான் போனபோது நான்காவது நாள்.

ஒரு கொப்பித் தாளை எடுத்து, என்ன நடந்தது என்று மூவருமாக நேர ஒழுங்கில் எழுதினோம். குடும்பங்களுக்கு ஆலோசனை வழங்கும்போது நான் வழக்கமாகச் செய்வது இதுதான். பழி சொல்லும் வார்த்தைகளை விட்டுவிட்டு, யார் எப்போது என்ன செய்தார் என்பதை மட்டும் எழுதுவது. எழுதிக்கொண்டு போகும்போது மகன் தயங்கித் தயங்கி ஒரு விடயத்தைச் சொன்னான். அதற்கு மூன்று நாள் முன்பு ரெலிகிராமில் அவனுக்கு ஒரு செய்தி வந்திருக்கின்றது. இலவசமாகப் பரிசு நாணயம் தருகிறோம், உள்ளே வந்து பெற்றுக்கொள்ளுங்கள் என்று. இணைப்பை அழுத்தியபோது திறந்தது எக்ஸ்சேஞ்சின் பக்கம் போலவே இருந்தது. நிறமும் அதே, சின்னமும் அதே. முகவரியில் ஒரேயொரு எழுத்துத்தான் வேறு. அவன் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் அடித்தான். "பிறகு முயற்சிக்கவும்" என்று வந்தது, விட்டுவிட்டான். அவனுடைய மின்னஞ்சலுக்கும் கடவுச்சொல் அதுவேதான்.

அப்படியென்றால் கள்ளன் கதவை அடைந்தது மகன் வழியாக. மின்னஞ்சலைத் திறந்தவர்களுக்குத் தாயின் முழுப்பெயர் தெரிந்தது அதன் மூலமாகவே. அவர்களுக்குக் குறைவாக இருந்தது தொலைபேசிக்கு வருகின்ற அந்த ஆறு இலக்கம் மட்டும்தான். இதைத்தான் தூண்டில் மோசடி என்கின்றோம். இரையைப் போட்டு, நாமாகவே வந்து கடிக்கும் வரை காத்திருப்பது.

தாயிடம், "முன்பின் தெரியாதவருக்கு ஏன் அக்கா சொன்னீர்கள்?" என்று நான் கேட்கவில்லை. "வழக்கமாக அந்த நம்பர் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்றுதான் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில் இது:

"அவன் ரியூசன்ல இருந்து போன் எடுத்து, அம்மா நம்பர் வந்திருக்கா, சொல்லுங்கோ எண்டு கேக்கிறவன் மிஸ். நான் சொல்லுறனான். அண்டைக்கும் கேட்டவை, சொன்னனான். அவ்வளவுதான்."

மகன் தலையைக் குனிந்துகொண்டான். இந்தப் பதிலை நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். தொலைபேசியில் ஒரு குரல் கேட்டால் ஆறு இலக்கத்தை வாசித்துச் சொல்ல வேண்டும் என்று அந்தத் தாயைப் பழக்கியது கள்ளன் அல்ல, அவருடைய சொந்த வீடு. ஒன்றரை வருடமாக அவர் அதைச் சரியாகவே செய்து வந்திருக்கின்றார். அந்த இலக்கம் என்ன, அது எதைத் திறக்கின்றது என்று எவரும் அவருக்குச் சொல்லவில்லை. குறுஞ்செய்தியிலேயே "இதை எவருக்கும் சொல்ல வேண்டாம்" என்று எழுதியிருந்தது. ஆனால் ஆங்கிலத்தில்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, அதிகாரத்தின் குரலுக்குக் கீழ்ப்படிதல் எப்படிக் கற்பிக்கப்படுகின்றது என்பதைப் பாடமாகப் படித்தோம். எமது பெண்களுக்கு அது நீண்ட காலப் பயிற்சி. முகாமில் வரிசையில் நின்றபோதும், பதிவுகளுக்காக அலைந்தபோதும், கேட்டவர்களுக்குக் கேட்டதையெல்லாம் கொடுத்துப் பழகியவர்கள் நாம். அடையாள அட்டை கேட்டால் கொடுத்தோம், குடும்ப அட்டை கேட்டால் கொடுத்தோம். ஏன் என்று திருப்பிக் கேட்டவர்களுக்குக் காரியம் நடக்கவில்லை. இன்றும் கொமினிகேசன் கடையில் ஒரு விண்ணப்பம் நிரப்பத் தொலைபேசியையே கழற்றிக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்கின்றோம். வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தைக் கடதாசியில் எழுதி, அட்டையோடு சேர்த்துப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புகின்றோம். மோசடிக்காரர்கள் புதிதாக எதையும் உருவாக்கவில்லை. ஏற்கனவே இருக்கின்ற இந்தப் பழக்கத்தின் மேல்தான் அவர்கள் தூண்டிலைப் போடுகின்றார்கள்.

முறைப்பாடு செய்யப் போனபோதுதான் இன்னொரு உண்மை வெளியானது. கணக்கு தாயின் பெயரில், முகமும் அவருடையது. ஆகவே எக்ஸ்சேஞ்சுக்கு எழுதினாலும் பொலிஸுக்குப் போனாலும் முறைப்பாட்டாளர் அவர்தான். ஆனால் அந்தக் கணக்கின் மின்னஞ்சல் முகவரியே அவருக்குத் தெரியாது. தன் பெயரில் உள்ள கணக்கை இன்னொருவர் பயன்படுத்துவது அந்த நிறுவனங்களின் விதிகளுக்கு முரணானது என்பதும் தெரியாது. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டை எழுத முதலில் தயங்கினார்கள். "கிரிப்டோ வைத்திருந்தது பிழையா? என்னைத்தான் பிடிப்பார்களா?" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் இது பற்றிப் பொதுமக்களுக்கு அறிவித்தல்களை வெளியிட்டது. இது எவராலும் ஒழுங்குபடுத்தப்படாத, பெரும் ஆபத்துள்ள முதலீடு என்றும், வங்கிக் கடனட்டைகளையும் பற்று அட்டைகளையும் இதற்குப் பயன்படுத்த அனுமதியில்லை என்றும் அவற்றில் கூறப்பட்டது. எம்மவர்கள் இதை முதலில் அறிந்துகொள்வது அவசியம். பணம் போனால், வங்கியில் போல் மேலே முறையிட ஓர் இடம் இல்லை. ஆனால் திருடப்பட்ட ஒருவர் முறைப்பாடு செய்யப் பயப்படத் தேவையில்லை. மற்றவரின் கணக்கில் அனுமதியின்றி நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றமாகும். நாம் அந்தச் சட்டத்தின் பெயரைச் சொன்ன பின்னர் முறைப்பாடு எழுதப்பட்டது. இலங்கை கணினி அவசர பதிலளிப்பு அணியின் 101 என்ற இலக்கத்துக்கும் அழைத்தோம்.

பணம் திரும்பி வரவில்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கிரிப்டோவில் ஒருமுறை அனுப்பியது அனுப்பியதுதான். அது எந்த முகவரிக்குப் போனது என்பதை உலகில் எவரும் பார்க்கலாம். ஆனால் அந்த முகவரி யாருடையது என்பது தெரியாது, திருப்பி அழைப்பதற்கு ஒரு முகாமையாளரும் இல்லை. பணம் வேறோர் எக்ஸ்சேஞ்சுக்குள் போயிருந்து, உடனடியாக அறிவித்தால் அதை முடக்கிவைக்கச் சில வேளைகளில் வாய்ப்புண்டு. முதல் சில மணித்தியாலங்கள்தான் பெறுமதியானவை. அந்த வீட்டில் அந்த மணித்தியாலங்கள் திட்டுவதிலும் அழுவதிலும் கழிந்தன. வெட்கமும் பழியும் கள்ளனுக்கு எவ்வளவு உதவி செய்கின்றன என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

படிக்காதவர்கள்தான் ஏமாறுகின்றார்கள் என்று நினைப்பவர்களுக்குச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகின்றேன். 2025 மார்ச்சில் அவுஸ்திரேலியப் பொலிஸார், ஒரு பெரிய எக்ஸ்சேஞ்சின் பெயரில், அதன் உண்மையான செய்திகளின் வரிசையிலேயே வந்து விழுந்த போலிக் குறுஞ்செய்திகள் பற்றி 130க்கும் மேற்பட்டோருக்கு நேரடியாக எச்சரிக்கை அனுப்பினர். அனுப்புபவரின் பெயரைப் போலியாகப் போட முடியும். எமது தொலைபேசி பெயரைப் பார்த்து ஒன்றாக அடுக்கிவிடுகின்றது. அதே ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் கொயின்பேஸ் நிறுவனம், வெளிநாடுகளிலுள்ள தனது வாடிக்கையாளர் சேவை ஊழியர் சிலருக்கு இலஞ்சம் கொடுத்து 69,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளரின் விபரங்கள் எடுக்கப்பட்டதாக அறிவித்தது. ஆகவே அழைப்பவர் எமது பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் சரியாகச் சொல்வது அவர் நம்பத்தக்கவர் என்பதற்குச் சான்றாகாது. 2025 பெப்ரவரியில் பைபிற் என்ற எக்ஸ்சேஞ்சிலிருந்தே ஏறத்தாழ 150 கோடி டொலர் திருடப்பட்டது. அங்கு ஒப்புதல் வழங்கிய அதிகாரிகளின் திரையில் எல்லாம் வழமைபோலவே தெரிந்தது. அதைத் தொழிலாகச் செய்பவர்களே ஏமாற்றப்படும்போது, கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டிருந்த ஒரு தாயைப் பார்த்து "படிக்காதது" என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

அழைக்கின்ற குரலுக்குப் பின்னாலும் சில வேளைகளில் ஒரு கதை இருக்கின்றது. தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டு, மியன்மாரின் மியாவாடிப் பகுதியிலுள்ள மோசடி முகாம்களில் அடைக்கப்பட்ட இலங்கை இளைஞர்கள் 2024ஆம் ஆண்டில் மீட்கப்பட்டார்கள். உலகின் மறுபக்கத்திலுள்ளவர்களை இணையத்தில் ஏமாற்றும்படி அவர்கள் வற்புறுத்தப்பட்டார்கள். பிள்ளைக்கு அப்படியொரு வேலை வருகின்றது என்றால், பயணச்சீட்டுக்கு முன்னர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரியுங்கள்.

இனி நாம் செய்யக்கூடியவற்றைப் பார்ப்போம். முதலாவது, ஆறு இலக்கக் குறியீடு வீட்டின் சாவி. அதைக் கேட்டு எந்த வங்கியும், எந்த எக்ஸ்சேஞ்சும், எந்தப் பொலிஸும் அழைப்பதில்லை. மகன் கேட்டாலும் தொலைபேசியில் சொல்ல வேண்டாம். "வீட்டுக்கு வந்து பார்" என்று சொல்லுங்கள். கண்டிப்பாக இருப்பதாகத் தோன்றினாலும், இந்த ஒரு பழக்கம்தான் அந்தத் தாயைக் காப்பாற்றியிருக்கும்.

இரண்டாவது, மின்னஞ்சலுக்கு ஒரு கடவுச்சொல், எக்ஸ்சேஞ்சுக்கு வேறொன்று, வங்கிக்கு இன்னொன்று. கொப்பியில் எழுதி அலுமாரியில் பூட்டி வைப்பது, ஒன்றையே எல்லாவற்றுக்கும் போடுவதைவிடப் பல மடங்கு நல்லது.

மூன்றாவது, செய்தியில் வந்த இணைப்பை அழுத்தி உள்ளே போகக்கூடாது. நாமே அந்தச் செயலியைத் திறந்து பார்க்க வேண்டும். உண்மையில் பிரச்சினை இருந்தால் அங்கேயும் தெரியும்.

நான்காவது, குறுஞ்செய்திக் குறியீட்டைவிட, தொலைபேசிக்குள்ளேயே 30 விநாடிக்கு ஒருமுறை இலக்கம் மாறுகின்ற அங்கீகாரச் செயலி பாதுகாப்பானது. ஆனால் அந்த இலக்கத்தையும் போலிப் பக்கத்தில் அடித்தால் பறிபோகும். கைரேகையாலோ முகத்தாலோ திறக்கின்ற பாஸ்கீ என்ற முறை அதிலும் மேலானது. அது உண்மையான பக்கத்தில் மட்டுமே வேலை செய்யும், போலிப் பக்கத்தில் திறக்காது. முன்பே பதிவுசெய்த முகவரிகளுக்கு மட்டும் பணம் போகும்படி கட்டுப்படுத்தும் வசதியும் பல எக்ஸ்சேஞ்சுகளில் உண்டு. இவற்றைச் செய்து தரும்படி பிள்ளைகளிடம் கேளுங்கள். செய்யும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள்.

ஐந்தாவது, கிரிப்டோவைச் சொந்தமாக வைத்திருப்பவர்களுக்கு 12 அல்லது 24 சொற்கள் கொண்ட மீட்புச் சொற்றொடர் ஒன்று தரப்படும். அதை எவருக்கும் காட்டவும் கூடாது, வேறு எவரேனும் தந்த சொற்களைப் பாவிக்கவும் கூடாது. சொற்களை அறிந்தவருக்கே பணம் சொந்தம்.

ஆறாவது, பணம் போன பின்னர் "நாங்கள் மீட்டுத் தருகின்றோம்" என்று வருபவர்களும் கள்ளர்களே. அந்தத் தாய்க்கும் பத்து நாளில் அப்படியொரு செய்தி வந்தது. முன்பணம் 25,000 ரூபா என்றார்கள். இம்முறை அவர் பதில் எழுதவில்லை. தொலைபேசியைக் கொண்டுவந்து குழுவில் காட்டினார். அன்றைய கூட்டத்தில் மேலும் இரண்டு பெண்கள் தங்கள் தொலைபேசிகளை எடுத்து, இதைப்போன்ற செய்திகள் தமக்கும் வந்திருப்பதாகக் காட்டினார்கள். அதுவரை வெட்கத்தில் சொல்லாமல் இருந்தவர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் அடையாள அட்டையும் உங்கள் முகமும் கேட்கப்படும்போது, அது மகனாக இருந்தாலும் கணவனாக இருந்தாலும், "இது எதைத் திறக்கப் போகுது? மின்னஞ்சல் என்ன? சாவி யாரிட்ட?" என்று கேளுங்கள். பதில் கிடைத்த பின்னர் முகத்தைக் காட்டுங்கள். இது பிள்ளையைச் சந்தேகிப்பதாகாது. வீட்டில் எவரும் கேள்வி கேட்காமல் எதையும் ஒப்படைப்பதில்லை என்ற பழக்கம் பிள்ளைக்கும் பாதுகாப்பு. பரிசு நாணயம் என்று வந்த அந்தச் செய்தியை மகன் அன்றே தாயிடம் காட்டக்கூடிய வீடாக அது இருந்திருந்தால், மூன்று நாள் அவகாசம் இருந்தது. கடவுச்சொல்லை மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

எங்கள் மாதர் குழுக் கூட்டங்களில் இப்போது சேமிப்புக் கணக்கு வாசித்து முடிந்ததும், அந்த மாதம் எவருக்கு என்ன செய்தி வந்தது என்று கேட்பதை வழக்கமாக்கியிருக்கின்றோம். சகோதரிகளே, உங்கள் சங்கங்களிலும் இதைத் தொடங்குங்கள். எவருக்கேனும் பணம் பறிபோயிருந்தால், "ஏன் சொன்னாய்?" என்ற கேள்வியை ஒரு நாள் தள்ளி வையுங்கள். முதலில் அவரை அழைத்துக்கொண்டு முறைப்பாடு செய்யப் போங்கள்.